அரசுகளின் ஆயுளை அளந்த இப்னு கல்தூன்

வரலாற்றுப் பாடத்தில் மன்னர்களின் பெயர்களையும் அவர்கள் ஆண்ட ஆண்டுகளையும் நாம் மனனம் செய்கின்றோம். யார் யாரை வென்றார், எந்தக் கோட்டை எப்போது வீழ்ந்தது என்பதையெல்லாம் பரீட்சைத் தாளில் எழுதிவிடுகின்றோம். ஆனால் ஒரு சிறு கூட்டம் எவருக்கும் கட்டுப்படாத அரசாக எழுந்து நிற்பது எப்படி, அந்த அரசு பல தேசங்களை ஆளும் பேரரசாக விரிவது எப்படி, அதே பேரரசு பின்னர் ஒரு சிறு படையின் முன் சரிந்து விழுவது ஏன் என்று நாம் அதிகம் கேட்பதில்லை.

இற்றைக்கு அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக, வட ஆபிரிக்காவில் பிறந்த ஓர் அறிஞர் அந்தக் கேள்வியைக் கேட்டார். அவர் அதனை ஏட்டில் மட்டும் கண்டவரல்லர். அரசுகள் சரிந்தபோதெல்லாம் அவரும் அவற்றின் இடிபாடுகளுக்குள் நின்றார். அவர்தான் அப்துர் ரஹ்மான் இப்னு கல்தூன்.

1332ஆம் ஆண்டு மே மாதம் 27ஆந் திகதி, ஹிஜ்ரி 732 ரமழான் முதல் நாள், அவர் தூனிஸ் நகரில் பிறந்தார். அவருடைய முன்னோர் யெமன் தேசத்தின் ஹழரமௌத் பகுதியைச் சேர்ந்தவர்கள். முஸ்லிம்கள் ஸ்பெயினை ஆண்ட காலத்தில் அவர்கள் செவில் நகரில் செல்வாக்கோடு வாழ்ந்தார்கள். 1248இல் கஸ்டீல் மன்னன் செவிலைக் கைப்பற்றினான். அதற்குச் சற்று முன்னரே அக்குடும்பம் வீடு வாசல்களை விட்டு ஆபிரிக்கக் கரைக்கு வந்துவிட்டது. ஆகவே, கைவிட்டுப் போன ஊரின் கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அவர். ஓர் அரசு இழந்தால் ஒரு குடும்பம் எதையெல்லாம் இழக்கும் என்பதை அவர் வீட்டிலேயே அறிந்திருந்தார்.

அவருடைய பாட்டனாரின் தந்தை தூனிஸ் அரசின் நிதிப் பொறுப்பை வகித்து, அரசியல் குழப்பத்தில் கொல்லப்பட்டவர். அதனாலோ என்னவோ, தந்தை அரண்மனைப் பக்கம் செல்லாமல் கல்வியிலும் வணக்கத்திலும் காலம் கழித்தார். மகனுக்கும் நல்ல கல்வி வாய்த்தது. குர்ஆனை மனனம் செய்தார்; அரபு இலக்கணம், ஹதீஸ், மாலிகி மத்ஹபின் பிக்ஹு ஆகியவற்றைக் கற்றார்.

அவருக்குப் பதினைந்து வயதானபோது, 1347இல், மொரோக்கோவை ஆண்ட மரீனிய சுல்தான் அபுல் ஹஸன் பெரும் படையோடு வந்து தூனிஸைக் கைப்பற்றினார். அவரோடு அறிஞர்களும் வந்தார்கள். அவர்களுள் ஒருவரான அல்-ஆபிலி என்ற ஆசிரியரிடம் இளைஞர் இப்னு கல்தூன் தர்க்கமும் கணிதமும் மெய்யியலும் பயின்றார். மேற்கே மொரோக்கோ முதல் கிழக்கே தூனிஸ் வரை ஒரே கொடியின் கீழ் வந்துவிட்டது என்று எல்லோரும் எண்ணினார்கள். ஆனால் அடுத்த ஆண்டே கைரவான் அருகே பாலைவன அரபுக் கோத்திரத்தார் அந்தப் பெரும்படையை முறியடித்தார்கள். சுல்தானின் சொந்த மகனே மொரோக்கோவில் ஆட்சியைப் பறித்துக்கொண்டான். ஓராண்டில் எழுந்த பேரரசு மறு ஆண்டில் இல்லாமற் போனது.

அதே காலத்தில் கொள்ளைநோயும் வந்தது. ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் ஆபிரிக்காவிலும் ஊர் ஊராக மனிதரை அள்ளிச் சென்ற அந்த நோய் தூனிஸையும் விடவில்லை. இப்னு கல்தூனின் தாயும் தந்தையும் அதில் வபாத்தானார்கள். அவருடைய ஆசிரியர்களிலும் பலர் மறைந்தார்கள். வாப்பாவும் உம்மாவும் இல்லாத பதினேழு வயது இளைஞராக அவர் நின்றார். உலகமே புதிதாகப் படைக்கப்பட்டது போல் எல்லாம் மாறிவிட்டது என்று பிற்காலத்தில் அவர் உணர்ந்ததற்கு வேர் இங்கேதான் இருக்கின்றது.

இருபது வயதில் அவருக்கு முதல் உத்தியோகம் கிடைத்தது. அரச கட்டளைகளின் தலைப்பில் இறைவனைப் புகழும் வாசகத்தை அழகிய எழுத்தில் எழுதுவதே வேலை. அந்த எழுத்து இல்லாவிட்டால் கட்டளை செல்லாது. ஆனால் யாருடைய பெயரால் அவர் எழுதினாரோ, அந்த சுல்தான் ஒரு சிறுவன். உண்மையான அதிகாரம் அமைச்சரின் கையில் இருந்தது. முத்திரை ஓரிடத்தில், அதிகாரம் வேறிடத்தில். இந்த முதல் பாடம் அவருடைய மனதில் ஆழப் பதிந்தது.

1354இல் அவர் மொரோக்கோவின் தலைநகரான பாஸுக்குச் சென்று சுல்தான் அபூ இனானின் சபையில் சேர்ந்தார். அந்தக் காலத்தில்தான் இப்னு பதூதா தம் நீண்ட பயணங்களை முடித்துக்கொண்டு அங்கு திரும்பியிருந்தார். 1344இல் இலங்கைக்கு வந்து பாவா ஆதம் மலையைத் தரிசித்துச் சென்ற அதே இப்னு பதூதாதான். டில்லி சுல்தானின் செல்வத்தைப் பற்றி அவர் கூறியவற்றைக் கேட்டவர்கள் நம்பாமல் முணுமுணுத்தார்கள். இப்னு கல்தூனுக்கும் ஐயம் எழுந்தது. அதை அவர் அமைச்சர் ஒருவரிடம் சொன்னபோது, அமைச்சர் ஒரு கதை சொன்னார். சிறையிலேயே வளர்ந்த ஒரு சிறுவனிடம் ஆடு, மாடு, ஒட்டகம் என்று தந்தை எதை விவரித்தாலும், அது எலியைப் போன்றதுதானே என்று அவன் கேட்பானாம். அவன் கண்டிருந்த ஒரே பிராணி எலிதான். நாம் காணாததால் மட்டும் ஒன்று பொய்யாகிவிடாது. அதேவேளை கேட்டதையெல்லாம் நம்பவும் கூடாது. மனித வாழ்வின் இயல்புக்கு அது பொருந்துமா என்று அளந்து பார்க்க வேண்டும். இந்தப் பாடத்தை இப்னு கல்தூன் தம் நூலில் பதிந்து வைத்தார்.

விரைவில் அவரே சிறைக்குள் போனார். பிஜாயா நகரின் பதவியிழந்த இளவரசர் ஒருவரோடு சேர்ந்து சதி செய்தார் என்ற குற்றச்சாட்டில் 1357இல் அடைக்கப்பட்டு, ஏறத்தாழ இருபத்தொரு மாதங்கள் உள்ளே இருந்தார். சுல்தான் இறந்த பிறகே விடுதலை கிடைத்தது. பின்னர் வந்த சுல்தான் ஒருவருக்குச் செயலாளரானார். அவரும் 1361இல் கொல்லப்பட்டார்.

1362இல் அவர் கடல் கடந்து கிரனாடாவுக்குச் சென்றார். ஸ்பெயினில் முஸ்லிம்களிடம் எஞ்சியிருந்த ஒரே அரசு அது. இரண்டு ஆண்டுகளின் பின்னர் கிரனாடாவின் தூதராக, சமாதானம் பேசுவதற்காக, கஸ்டீல் மன்னன் பேதுருவிடம் அனுப்பப்பட்டார். மன்னன் இருந்த நகரம் செவில். தம் முன்னோர் வாழ்ந்து இழந்த ஊருக்குள் அவர் பிற அரசின் விருந்தாளியாக நுழைந்தார். அவருடைய அறிவைக் கண்டு வியந்த மன்னன், தன்னோடு தங்கினால் முன்னோரின் சொத்துகளைத் திருப்பித் தருவதாகச் சொன்னான். அவர் பணிவோடு மறுத்துவிட்டுத் திரும்பினார். பிறர் கையால் கிடைக்கும் வீடு சொந்த வீடாகாது என்பதை அவர் அன்று உணர்ந்திருக்க வேண்டும்.

இதன் பின்னரும் அவர் அரசியலை விடவில்லை. முன்னர் அவரைச் சிறைக்கு அனுப்பிய நட்பின் உரிமையாளரான அந்த இளவரசர் பிஜாயாவின் ஆட்சியை மீட்டபோது, 1365இல் அவருக்கு முதலமைச்சரானார். அடுத்த ஆண்டே அந்த ஆட்சியாளர் தம் உறவினரோடு நடந்த போரில் மாண்டார். இப்னு கல்தூன் வென்றவரிடமே நகரை ஒப்படைத்தார். பிறகு பல ஆண்டுகள் ஒரு சுல்தானுக்காகவும் பின்னர் அவருடைய எதிரிக்காகவும் கோத்திரத்தாரைத் திரட்டிக் கொடுத்தார். அவர் கட்சி மாறியவர் என்று வரலாற்றாசிரியர்கள் குறை கூறுவதுண்டு. அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. ஒன்றுபட்ட மக்களின் வலிமையைப் பற்றி உலகிலேயே ஆழமாக எழுதியவர், தம் வாழ்வில் எந்த ஒரு கூட்டத்தோடும் நிலைத்து நின்றவரல்லர். ஒருவேளை வெளியில் நின்றதாலேயே அவரால் அதைத் தெளிவாகக் காண முடிந்தது போலும்.

1374இல் அவருடைய நண்பரும் கிரனாடாவின் பெரும் எழுத்தாளரும் அமைச்சருமான இப்னுல் கதீப் பாஸ் நகரச் சிறையில் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். அவரைக் காப்பாற்ற இப்னு கல்தூன் செய்த முயற்சி பலிக்கவில்லை. மறு ஆண்டில், இன்றைய அல்ஜீரியாவில் உள்ள கல்அத் இப்னு ஸலாமா என்ற மலைக் கோட்டைக்குக் குடும்பத்தோடு ஒதுங்கினார். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அங்கு வாழ்ந்தார். நாற்பத்தைந்தாவது வயதில், 1377இல், ஐந்தே மாதங்களில் ஒரு நூலின் முதற் பிரதியை எழுதி முடித்தார். உலக வரலாற்று நூல் ஒன்றுக்கு முன்னுரையாக எழுதப்பட்ட அதுவே முகத்திமா.

அந்த நூலில் அவர் இறைமையுள்ள அரசு எது என்பதற்குத் தெளிவான அளவுகோல் ஒன்றைத் தருகின்றார். குடிகளைத் தன் ஆணைக்குள் வைத்திருக்க வேண்டும். வரியைத் தானே சேகரிக்க வேண்டும். படையைத் தானே அனுப்ப வேண்டும். எல்லையைத் தானே காக்க வேண்டும். தனக்கு மேலே ஆணையிடும் கை ஒன்றும் இருக்கக் கூடாது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது குறைபட்ட ஆட்சியே. சிம்மாசனமும் முத்திரையும் இருந்தாற் போதாது. தூனிஸில் அந்தச் சிறுவன் சுல்தானுக்காகத் தலைப்பெழுத்து எழுதிய கைதான் இதனையும் எழுதியது.

இந்த வலிமை எங்கிருந்து வருகின்றது? அஸபிய்யா என்று அவர் விடை தருகின்றார். ஒருவருக்கு வந்த துன்பத்தை எல்லோரும் தமக்கு வந்ததாக எண்ணும் உணர்வு அது. அது இரத்த உறவில் தொடங்குகின்றது. ஆனால் அதோடு முடிவதில்லை. நீண்டகாலம் ஒன்றாக வாழ்வதாலும், ஒரே கஷ்டத்தைப் பகிர்வதாலும், உடன்படிக்கையாலும்கூட அது வளரும். பாலையிலும் மலையிலும் வாழ்வோர் ஒருவரையொருவர் நம்பாமல் உயிர்வாழ முடியாது. அதனால் அவர்களிடம் அது உறுதியாக இருக்கின்றது. மதில்களையும் கூலிப்படையையும் நம்பி வாழும் நகரத்தாரிடம் அது தளர்ந்துவிடுகின்றது.

கோத்திர வெறியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்திருக்க, இவர் அதைப் புகழலாமா என்று வாசகர் கேட்கக்கூடும். இப்னு கல்தூனே இதற்கு விளக்கம் தந்துள்ளார். அநீதிக்குத் துணைபோகும் இனப்பெருமையே கண்டிக்கப்பட்டது. சத்தியத்தை நிலைநாட்டத் தோள் கொடுக்கும் ஒற்றுமை கண்டிக்கப்படவில்லை; அது இன்றேல் எந்த நற்பணியும் நிறைவேறாது. மார்க்கம் சேரும்போது அந்த உணர்வு பல மடங்காகின்றது. பொறாமையும் போட்டியும் நீங்கி, எல்லோர் முகமும் ஒரே திசையை நோக்குகின்றன. அத்லஸ் மலையின் மஸ்மூதா மக்கள் தம்மிலும் வலிய ஸனாத்தா கோத்திரத்தாரை வென்று, மொரோக்கோ முதல் ஸ்பெயின் வரை முவஹ்ஹிதூன் பேரரசை நிறுவியது இவ்வாறே. அந்த ஈமானிய வேகம் அடங்கியதும் அதே ஸனாத்தா மக்கள் அவர்களை வென்றார்கள்.

பேரரசு எவ்வளவு தூரம் விரியும் என்பதற்கும் அவர் விடை வைத்திருந்தார். ஓர் அரசை உண்மையாகத் தாங்கும் மக்கள் எத்தனை பேரோ, அவர்களை எல்லைகளில் நிறுத்தி முடியும் இடமே அதன் எல்லை. அதற்கு மேல் நிலத்தைப் பிடித்தால் காவலின்றிப் போகும். விளக்கின் ஒளி நடுவில் பிரகாசித்து ஓரத்தில் மங்குவது போல, அரசின் பலமும் எல்லையை நெருங்க நெருங்கக் குறையும். அபுல் ஹஸன் சுல்தானின் படை கைரவானில் ஏன் சிதறியது என்பது இப்போது நமக்கு விளங்குகின்றது.

வீழ்ச்சியும் உள்ளிருந்தே தொடங்குகின்றது. அரசை எழுப்பிய முதல் தலைமுறை கஷ்டத்தை அறியும். இரண்டாம் தலைமுறை அதைக் கண்ணால் கண்டிருக்கும். மூன்றாம் தலைமுறை சுகத்தை மட்டுமே அறியும். ஆட்சியாளன் தன்னை உயர்த்திய தோழர்களைத் தள்ளிவிட்டுக் கூலிக்கு ஆள் சேர்ப்பான். ஆடம்பரம் பெருகும், செலவு பெருகும், வரியும் கூடும். தொடக்கத்தில் குறைந்த வரி விதித்து அரசு நிறையப் பெறும், ஏனெனில் மக்கள் ஊக்கத்தோடு உழைப்பார்கள். முடிவில் அதிக வரி விதித்தும் குறைவாகவே பெறும், ஏனெனில் உழைப்பின் பலன் தமக்கில்லை என்றானதும் மக்கள் கையை மடக்கிக்கொள்வார்கள். அரசனே வியாபாரத்தில் இறங்கினால் வியாபாரிகள் ஒழிந்துபோவார்கள். அநீதி என்பது ஒருவருடைய பொருளைப் பறிப்பது மட்டுமல்ல. கூலியின்றி வேலை வாங்குவதும், உரிமையில்லாத வரி கேட்பதும், உரியதைக் கொடுக்க மறுப்பதும் அநீதியே. அநீதி பரவிய நாடு பாழாகும். எதிரி வாசலுக்கு வரும்போது அவன் தள்ளுவது ஏற்கெனவே உளுத்துப்போன கதவைத்தான்.

1382இல் ஹஜ்ஜுக்குச் செல்வதாக அனுமதி பெற்று இப்னு கல்தூன் தூனிஸை விட்டுப் புறப்பட்டார். கெய்ரோவின் சிறப்பு அவரை வியக்க வைத்தது. அங்கு அல்-அஸ்ஹரில் போதித்தார். 1384இல் சுல்தான் பர்கூக் அவரை மாலிகி மத்ஹபின் பிரதம காதியாக நியமித்தார். இலஞ்சத்துக்கும் பரிந்துரைக்கும் இடங்கொடாமல் அவர் தீர்ப்பளித்ததால் பகை பெருகிற்று. அந்த வேளையிலேயே பேரிடி விழுந்தது. தூனிஸிலிருந்து அவருடைய குடும்பத்தார் வந்த கப்பல் அலெக்சாந்திரியா துறைமுகத்தை அடையுமுன் மூழ்கியது. பதினேழு வயதில் பெற்றோரை இழந்தவர் ஐம்பத்திரண்டு வயதில் குடும்பத்தை இழந்தார். சிறிது காலத்தில் பதவியும் போயிற்று. 1387இல் ஹஜ் கடமையை நிறைவேற்றினார். பின்னர் போதனையிலும், தம் நூலைத் திருத்துவதிலும் ஈடுபட்டார். வாழ்நாளில் மொத்தம் ஆறு முறை காதிப் பதவி அவரிடம் வந்தது; ஒவ்வொரு முறையும் நீண்டகாலம் நிலைக்கவில்லை.

அவர் எழுதிய கோட்பாடு 1401இல் உயிரோடு அவர்முன் வந்து அமர்ந்தது. தைமூர் டமஸ்கஸை முற்றுகையிட்டிருந்தார். எகிப்தின் இளம் சுல்தான் பரஜோடு இப்னு கல்தூனும் அங்கு சென்றிருந்தார். கெய்ரோவில் கலகம் என்ற செய்தி கேட்டதும் சுல்தான் நகரைக் கைவிட்டுத் திரும்பிவிட்டார். வாசல்கள் அடைக்கப்பட்டிருந்தன. அறுபத்தெட்டு வயதான அந்த முதியவர் கயிறு கட்டி மதிலிலிருந்து இறக்கப்பட்டு, தைமூரின் பாசறைக்குச் சென்றார்.

ஏறத்தாழ ஐந்து வாரங்கள் அவர் அங்கு தங்கினார். தைமூர் மேற்கு நாடுகளின் ஊர்கள், மலைகள், ஆறுகள் பற்றி எழுதித் தரும்படி கேட்டார். அவரும் எழுதிக் கொடுத்தார். ஓர் அழகிய குர்ஆன் பிரதி, தொழுகை விரிப்பு, கெய்ரோ இனிப்புகள் ஆகியவற்றைப் பரிசளித்தார். எழுத்தாளர்கள், அதிகாரிகள் பலர் பாதுகாப்பாக வெளியேற அனுமதியும் பெற்றுக் கொடுத்தார். ஆனால் நகரைக் காக்க எவராலும் இயலவில்லை. டமஸ்கஸ் சூறையாடப்பட்டது, உமையாக்களின் பெரிய பள்ளிவாசலில் தீ பிடித்தது. ஒன்றுபட்ட கூட்டத்தின் தலைவனுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்று நூலில் எழுதியவர், நீதி இல்லாத வலிமை என்ன செய்யும் என்பதையும் தம் கண்ணாலேயே கண்டார். தைமூர் இறந்ததும் அவருடைய பேரரசு பங்காளிச் சண்டையில் பிளவுபட்டது.

இப்னு கல்தூன் 1406 மார்ச் 17ஆந் திகதி, ஒரு ரமழானில் பிறந்தவர் மற்றொரு ரமழானில், கெய்ரோவில் வபாத்தானார். பாபுந் நஸ்ர் வாயிலுக்கு வெளியே சூபிகளின் மையவாடியில் அடக்கப்பட்டார். அந்த கப்ரு எது என்று இன்று அடையாளம் காட்ட இயலாது. ஆனால் அவருடைய நூல் மறையவில்லை. உஸ்மானியப் பேரரசு தளரத் தொடங்கிய 17ஆம் நூற்றாண்டில் அதன் அறிஞர்கள் தம் நோயை அறிவதற்கு இந்நூலையே நாடினார்கள். பொருளியலும் சமூகவியலும் கற்போர் இன்றும் அவரை முன்னோடியாக மதிக்கின்றனர்.

பெற்றோரும் மாணவியரும் மறக்கக் கூடாத ஒரு பகுதி முகத்திமாவில் உள்ளது. மாணவரைக் கடுமையாக நடத்துவது தீங்கு என்று அவர் அங்கே விளக்குகின்றார். அடிக்கும் ஏச்சுக்கும் அஞ்சி வளரும் பிள்ளை ஊக்கத்தை இழக்கும். அடியிலிருந்து தப்பப் பொய் பேசப் பழகும். தன்னைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றலை இழந்து பிறர் கையை எதிர்பார்க்கும். ஒரு சமுதாயத்துக்கும் இதுவே நிகழும் என்கின்றார். நபி மூஸா (அலை) அவர்களோடு எகிப்திலிருந்து வெளியேறிய பனூ இஸ்ராஈல்கள், புனித பூமிக்குள் நுழையும்படி ஏவப்பட்டபோது அஞ்சிப் பின்வாங்கிய வரலாற்றை நாம் குர்ஆனில் ஓதியிருக்கின்றோம். அவர்கள் நாற்பது ஆண்டுகள் பாலையில் அலைந்தது, பிர்அவ்னின் அடிமைத்தனத்தில் வளர்ந்த தலைமுறை மறைந்து, இழிவை அறியாத புதிய தலைமுறை எழுவதற்காகவே என்பது இப்னு கல்தூன் கண்ட உண்மை.

ஆகவே இறைமை அரண்மனையில் பிறப்பதில்லை. அது பிள்ளை வளரும் வீட்டிலும் கற்கும் வகுப்பறையிலும் பிறக்கின்றது. அச்சமின்றி உண்மை பேசும் பிள்ளை, அயலவரின் துன்பத்தைத் தன் துன்பமாக எண்ணும் பிள்ளை, தன் உழைப்பின் பலன் தனக்குண்டு என்று நம்பும் பிள்ளை, இத்தகையோர் சேர்ந்த சமுதாயம் எவருக்கும் தலை குனியாது. தாயும் தந்தையும் நாடும் இல்லாமல் அலைந்த ஒருவர், ஒரு மலைக் கோட்டையில் தனித்திருந்து நமக்கு எழுதி வைத்துச் சென்றது இதைத்தான். அல்லாஹ் அன்னாரின் கப்ரை ஒளிமயமாக்குவானாக!